சித்தப்பா அல்லர், தாய்மாமன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழில் வெளியான திரைவிமர்சனத்தில், ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனிடம் அகப்பட்டுக்கொண்டு படம் முழுக்க அல்லல்படும் நாற்பது வயது மனிதரைச் 'சித்தப்பா' என்று மூன்று இடங்களில் அச்சிட்டிருக்கிறீர்கள். அவர் அந்தச் சிறுவனுடைய தாயின் உடன்பிறந்தவர், ஆகவே தாய்மாமன். படத்திலும் சிறுவன் அவரை 'மாமா' என்றுதான் கூப்பிடுகிறான். பார்ப்பதற்கு இது சிறிய பிழை. ஆனால் படத்தின் நகைச்சுவை முழுவதும் இந்த ஒரு உறவுமுறையின் மேல்தான் நிற்கிறது என்பதாலும், வியாழக்கிழமை தாங்கள் வெளியிட்ட கிருஷ்ணகிரி வாசகரின் கண்டனக் கடிதத்துக்கு இதிலிருந்தே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதாலும் இதை எழுதுகிறேன். படத்தின் பெயரை வாசகர்கள் விமர்சனத்திலேயே பார்த்திருப்பார்கள். அதனால் இங்கே திரும்ப எழுதவில்லை.

நான் பாலக்கோட்டில் 31 ஆண்டுகளாகப் பத்திரம் எழுதிப் பிழைப்பவன். உறவுமுறையை ஓர் எழுத்து மாற்றி எழுதினாலும் பத்து வருடம் கழித்து அது வழக்காக வந்து வாசலில் நிற்கும் என்பதைப் பார்த்துப் பழகிய கண் என்னுடையது. அச்சில் தவறான முறையைக் கண்டால் சும்மா இருக்க முடிவதில்லை. சித்தப்பா என்பவர் பங்காளி. பாட்டன் நிலத்தில் பையனுக்கு எந்த வேரிலிருந்து பாத்தியதை வருகிறதோ அதே வேரிலிருந்துதான் அவருக்கும் வருகிறது. பையனை நல்லபடியாகப் பார்த்துக்கொண்டால் பிற்காலத்தில் ஒரு வரப்புத் தகராறாவது குறையும் என்று அவர் கணக்குப் போட இடமுண்டு. தாய்மாமனுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. தங்கை பிள்ளைக்குத் தொட்டில் கட்ட வேண்டும். முதல் மொட்டைக்கு மடி கொடுக்க வேண்டும். தீர்த்தமலையிலோ குலதெய்வக் கோயிலிலோ காது குத்தும்போது, பிள்ளை வலி பொறுக்காமல் தொடையை நனைத்துவிட்டாலும் புது வேட்டியோடு அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்புறம் சீர்த்தட்டு, மோதிரம், சைக்கிள் என்று போய்க்கொண்டே இருக்கும். மொய் நோட்டில் முதல் வரியில் பெயர் வருவதைத் தவிர இதற்கெல்லாம் வேறு கைமாறு இல்லை. தான செட்டில்மெண்ட் பத்திரங்களில் 'எவ்விதப் பிரதிபிரயோசனமும் எதிர்பாராமல்' என்று நாங்கள் வழக்கமாக எழுதும் வாசகம் நெஞ்சறியப் பொருந்துவது தாய்மாமனுக்குத்தான் என்று எனக்குப் பலமுறை தோன்றியதுண்டு. பெண்மக்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டு என்று 1989-இல் தமிழ்நாட்டிலும் 2005-இல் நாடு முழுவதும் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, தாயின் பங்கைக் கேட்டு மருமகன் மாமன் வீட்டுக்கு வரலாம். மாமன் மருமகனிடம் கேட்டுப் போக ஒரு சென்ட் நிலமும் இல்லை.

இப்படிப்பட்ட ஒருவரிடம்தான் கோடை விடுமுறை முழுவதற்கும் அந்தப் பையன் ஒப்படைக்கப்படுகிறான். அவரோ கல்யாணம் தள்ளிப்போய், ஒரு வழியாகப் பெண் பார்த்து, நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்திருப்பவர். 'முடியாது' என்று தங்கையிடம் சொல்ல வாய் வராத மனிதர். விமர்சகர் எழுதியிருப்பதுபோல் இது 'குறும்புக்காரச் சிறுவனின் கதை' அன்று. சிறுவன் எங்கும் எந்த ஊரிலும் செய்வதைத்தான் செய்கிறான். கதை அவனைச் சுமக்க நேர்ந்தவருடையது.

கிருஷ்ணகிரி வாசகரின் கடிதத்துக்கு வருகிறேன். தாய்மாமன் என்ற புனிதமான உறவைக் கொச்சைப்படுத்தும் படம் இது என்றும், தமிழ் மண்ணுக்கு இந்த விதமான கறுப்பு நகைச்சுவை அந்நியமானது என்றும், பெற்ற பிள்ளையைக் கொல்வது பழக்கமாக இருந்த ஒரு வட்டாரத்தில் குழந்தையின் சாவைச் சொல்லிச் சிரிக்க வைப்பது மன்னிக்க முடியாதது என்றும், எனவே படத்தைத் தடைசெய்ய வேண்டும் என்றும் அவர் எழுதியிருக்கிறார். அவர் எழுதிய வேகத்தில் ஒரு நியாயமான வேதனை இருக்கிறது. அதைக் கேலி செய்யும் எண்ணம் எனக்கு இல்லை.

முதல் குற்றச்சாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம் இதிகாச புராணங்களில் ஊர் ஊருக்குப் பெயர் தெரிந்த தாய்மாமன்கள் இரண்டு பேர். ஒருவர் கம்சன், மற்றவர் சகுனி. வெண்ணெயை விழுங்கிவிட்டு வெறுஞ்சட்டியைக் கல்லில் போட்டு உடைத்து அந்தச் சத்தத்தைக் கேட்டு மகிழ்கிறான் உன் பிள்ளை என்று ஆய்ச்சியர் யசோதையிடம் வந்து முறையிடுவதைப் பாடிய பெரியாழ்வார், அந்தப் பிள்ளையைக் கொல்ல ஆள்மேல் ஆள் அனுப்பியவன் அவனுடைய சொந்த மாமன் என்பதை மறந்துவிட்டுப் பாடவில்லை. இதனால் தாய்மாமன்களின் மரியாதை நம் ஊரில் குறைந்துபோனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அந்நியம் என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்களில் பாரதக் கூத்து நடப்பதை அவரும் பார்த்திருப்பார். பதினெட்டாம் நாள் விடியற்காலையில் மண்ணால் ஆன துரியோதனன் படுத்துக் கிடக்க, அவன் மனைவி பெருந்திருவாள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருக்கும் அதே களத்தில் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் ஏதோ ஒன்றைச் சொல்ல, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த கிழவிகளே முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பதை நான் சிறுவயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அந்தச் சிரிப்பால் படுகளம் என்ற அந்தச் சடங்குக்கு ஒரு குறையும் வந்ததில்லை. இழவு வீட்டில் மாமன் மச்சான் முறை உள்ளவர்கள் பேசிக்கொள்ளும் பேச்சை அச்சில் கொண்டுவந்தால் தங்கள் நாளிதழுக்கு வழக்கு வரும்.

படத்தைப் பார்க்காதவர்களும் இந்தக் கடிதத்தைப் படிக்கக்கூடும் என்பதால், கண்டனத்துக்கு ஆளான காட்சியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். மாமன் பிளக்ஸ் பேனர் அச்சிடும் கடை வைத்திருக்கிறார். பூப்புனித நீராட்டு விழா, கட்சிக்காரர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி என்று எல்லாவற்றுக்கும் அச்சுமாதிரி கணினியில் தயாராக இருக்கிறது. படமும் பெயரும் மாற்றினால் போதும். பையன் வந்த பத்து நாளில் நிச்சயதார்த்தப் பேனரில் போட வேண்டிய பெண்ணின் தகப்பனார் படத்தைக் 'காணவில்லை' விளம்பரத்தில் போட்டுவிடுகிறான். மாமனுடைய மீசைச் சாயத்தில் வேறெதையோ கலக்கிவிடுகிறான். கடைசியில் சம்பந்தமே முறிந்துபோகிறது. அன்றிரவு, பாயில் தூங்குகிற பையனைப் பார்த்துக்கொண்டு மாமன் தனக்குத்தானே சொல்வதுபோல் சொல்கிறார்: "நீ செத்துத் தொலைஞ்சாத்தான்டா எனக்கு விடிவு." கிருஷ்ணகிரி வாசகரைக் கொதிக்க வைத்த வசனம் இதுதான்.

அடுத்து என்ன வருகிறது என்பதை அவர் எழுதவில்லை. போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பையனின் கால் பெருவிரல் ஒருமுறை மடங்கி நிமிர்கிறது. கண்ணைக் காட்டவில்லை, இசை இல்லை, மாமன் கவனிக்கவும் இல்லை. விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கிறார். மறுநாள் காலை அவர் தேநீர்க் கடைக்குப் போகும்போது சுவர் முழுக்க அவருடைய கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. தோற்றம், மறைவு, நடுவில் ஆதார் அட்டைக்கு எடுத்த படம், அடியில் 'வருந்தும் அன்பு மருமகன்'. மாமன் அதை நெடுநேரம் பார்க்கிறார். பார்த்துவிட்டு அவர் முதலில் சொல்லும் சொல், "கண்ணீருக்கு ரெண்டு சுழியா போடுவாங்க?" என்பதுதான். தன் சாவைவிடத் தன் கடையில் அச்சான எழுத்துப்பிழைக்கு அதிர்ச்சி அடைகிற அந்த மனிதரைப் பார்த்து அரங்கமே சிரித்தது. தொழில் பக்தி என்றால் இது என்று எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

அவர் வீட்டுக்குத் திரும்புவதற்குள் ஃப்ரீசர் பெட்டி வந்து இறங்கிவிட்டது. பந்தல்காரர் கால் நட்டுக்கொண்டிருக்கிறார். தப்பு அடிப்பவர்கள் நெருப்பில் காய்ச்சிக்கொண்டிருக்கிறார்கள். நான் சாகவில்லை என்று மாமன் சொல்கிறார். பெட்டிக்காரர், "ஒரு நாள் வாடகை கட்டிட்டுத்தான்ணே எடுத்துட்டுப் போவேன்" என்கிறார். வெளியூரிலிருந்து கோடித்துணியோடு வந்து இறங்கும் உறவினர்களை எப்படித் திருப்பி அனுப்புவது? அவர்களுக்குச் சாப்பாடு சொல்ல வேண்டியிருக்கிறது. சாப்பாட்டுச் செலவு, பந்தல் செலவு, பெட்டி வாடகை எல்லாம் கூட்டிப் பார்த்த மாமன், அசதியிலா ஆத்திரத்திலா தெரியவில்லை, அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே துண்டை விரித்துப் படுத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார். படுத்தவர் காதில் ஒவ்வொருவராகப் பேசுவது விழுகிறது. நல்லதாகச் சொல்ல யாருக்கும் அதிகமாக ஒன்றும் இல்லை. கடன் கொடுத்தவர் ஒருவர் மட்டும் உண்மையாகவே அழுகிறார். அப்போது பையன் மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்து, மாமன் காதருகே குனிந்து, "இப்ப விடிஞ்சிருச்சா மாமா?" என்று கேட்கிறான்.

இந்த ஒரு கேள்வியில், முன்தின இரவு மாமன் சொன்னது அட்சரம் பிசகாமல் அவரிடமே திரும்பி வந்துவிடுகிறது. குழந்தையின் சாவைச் சொல்லிச் சிரிக்க வைக்கிறார்கள் என்பது சரியான வாசிப்பு அன்று. குழந்தையின் சாவை வாய்தவறி விரும்பிய பெரியவரைப் பெட்டிக்குப் பக்கத்தில் படுக்க வைத்துச் சிரிக்கிறார்கள்.

இனி, கிருஷ்ணகிரி வாசகர் சொன்னவற்றுள் மிகக் கனமானது. வேண்டாம் என்று நினைக்கும் குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுச்செல்ல வழிசெய்த தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில் தொடங்கப்பட்டு, 2001-இல் மதுரை, தேனி, திண்டுக்கல் ஆகியவற்றோடு தர்மபுரிக்கும் வந்தது. அப்போது கிருஷ்ணகிரியும் தர்மபுரி மாவட்டத்துக்குள்தான் இருந்தது. 2004 பிப்ரவரியில்தான் தனி மாவட்டம் ஆனது. ஆகவே இந்த வெட்கம் அவருக்கும் எனக்கும் பொதுப் பாத்தியதை. பாகம் பிரித்துக்கொள்ள முடியாது. பிறந்த பெண் குழந்தையைப் பெற்றவர்களே இல்லாமல் ஆக்கிய ஊர்களின் நடுவே நான் வளர்ந்தேன். அந்தப் பேச்சு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். "புள்ள தக்கல" என்பார்கள். அதோடு சரி. யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள், யாரும் சொல்ல மாட்டார்கள், திட்டுவதும் கிடையாது, சிரிப்பதும் கிடையாது. மறுவாரம் களையெடுக்கப் போய்விடுவார்கள். அந்தக் காரியம் சத்தமே இல்லாமல் நடந்தது என்பதுதான் இத்தனை வருடம் கழித்தும் என்னைத் தொந்தரவு செய்கிறது. இந்தப் படத்து மாமனோ காலையில் எழுந்ததிலிருந்து இரவு வரை 'கொன்னுடுவேன்', 'தொலைச்சிடுவேன்' என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துகிறார். கத்திக்கொண்டே சோறு பிசைந்து உருட்டிக் கொடுக்கிறார். இரண்டையும் ஒரே தராசில் வைத்தது வாசகர் செய்த பிழை என்று நினைக்கிறேன். கத்துகிற எல்லோரும் நல்லவர்கள் என்று நான் சாதிக்கவில்லை. எந்த வீட்டில் பிள்ளைக்கு ஆபத்து என்பதைக் கத்தலை வைத்து அளக்க முடியாது என்பதே நான் பார்த்தது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. என் தங்கையும் மைத்துனரும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனபோது, அவர்கள் மகன் நான்கு வயதிலிருந்து பத்து வயது வரை எங்கள் வீட்டில்தான் இருந்தான். நம் மாவட்டத்தில் இதொன்றும் அதிசயம் அன்று; எங்கள் தெருவில் மட்டும் அப்போது பாட்டி வீட்டிலும் மாமன் வீட்டிலுமாக ஐந்தாறு பிள்ளைகள் இருந்தார்கள். மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றவர்கள் வந்துவிட்டு, மாலை வண்டிக்குப் பாலக்கோடு ரயில் நிலையத்தில் ஏறிக்கொள்வார்கள். வழியனுப்பும்போது பையன் அழமாட்டான். கையைக்கூட ஆட்டமாட்டான். சமர்த்து என்று எல்லோரும் மெச்சுவார்கள். சமர்த்தெல்லாம் திங்கட்கிழமை காலையில் தெரியும்.

அப்படி ஒரு திங்கட்கிழமை, வயிற்றுவலி என்று சொல்லிப் பள்ளிக்குப் போகாமல் என்னோடு கடைக்கு வந்தான். மாரண்டஅள்ளியிலிருந்து ஒரு குடும்பம் கிரயப் பத்திரம் பதிவு செய்ய வந்திருந்தது. பத்தரை மணிக்கு எமகண்டம் தொடங்குமுன் தாக்கல்செய்துவிட வேண்டும் என்று பெரியவர் ஒருவர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முத்திரைத்தாளில் எழுத்து வேலை முடித்து, சர்வே எண்ணும் நான்கெல்லையும் ஒருமுறை சரிபார்த்து, மேசைமேல் வைத்துவிட்டுச் சாட்சிகளைக் கூப்பிட வாசலுக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், பையன் மை அட்டையில் பெருவிரலைத் தோய்த்து, 'எழுதிக் கொடுப்பவர்' என்ற இடத்தில் தொடங்கிப் பக்கத்தின் நான்கு ஓரமும் சுற்றி, கோலம் போடுவதுபோல் ஒரே சீரான இடைவெளியில் ரேகை வைத்திருந்தான். பதினேழு ரேகை. ஒன்றுகூடத் தீற்றல் இல்லை. பதிவு அலுவலகத்தில் பெரியவர்கள் வைக்கும் ரேகை அவ்வளவு தெளிவாக விழுந்து நான் பார்த்ததில்லை. பாழான முத்திரைத்தாளுக்குப் பணம் திரும்பக் கேட்க 1899-ஆம் ஆண்டு முத்திரைச் சட்டத்தில் வழி இருக்கிறது; அந்தப் பெரியவரின் நல்ல நேரத்துக்கு எந்தச் சட்டத்திலும் வழி இல்லை. அவர் பேசியதை எல்லாம் கேட்டுக்கொண்டு, புதுத் தாளுக்கு என் பையிலிருந்து பணம் எடுத்துக் கொடுத்துவிட்டு, அத்தனை பேர் முன்னிலையில் அவனைப் பார்த்து, "எங்கேயாவது தொலைஞ்சு போயேன்டா" என்று கத்தினேன்.

மாலையில் பையனைக் காணவில்லை. கிணறு, ஏரிக்கரை, பள்ளிக்கூடம் எல்லாம் தேடி முடித்து, விளக்கு வைத்த பிறகு ரயில் நிலையத்துக்குப் போனால், நடைமேடையின் கோடியில் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கட்டைவிரலில் நீல மை அப்படியே இருந்தது. இங்கே என்னடா செய்கிறாய் என்றதற்கு, கொஞ்சமும் கோபமில்லாமல், விசாரித்தவருக்குத் தகவல் சொல்வதுபோல், "தொலையத்தான் மாமா வந்தேன். வண்டி வரல" என்றான். பக்கத்தில் வேர்க்கடலைக் கூடையோடு நின்றவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து நடந்ததை என் மனைவியிடம் அதே சிரிப்போடு சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, இரண்டு நாள் என்னோடு பேசவும் இல்லை.

மனைவியைப் பற்றிச் சொல்லும்போதுதான் படத்தின் ஒரு பெரிய குறை நினைவுக்கு வருகிறது. மாமன் வளர்த்தான் என்று ஊர் சொல்லும், வளர்த்தவள் அத்தைக்காரி. அவன் துணி துவைத்தது, தலையில் பேன் பார்த்தது, பக்கத்து வீட்டுக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்டது எல்லாம் அவள்தான். நான் கத்தியது மட்டும்தான். படத்தில் மாமன் வீட்டில் பெண்ணே இல்லை. கல்யாணம் ஆகாதவர் என்று வைத்துவிட்டதால் கதைக்கு வசதியாகப் போயிற்று. ஆனால் சமையலறையைக் காட்டாமல் ஒரு பிள்ளை வளர்வதைக் காட்டுவது, வில்லங்கச் சான்று பார்க்காமல் நிலம் வாங்குவது மாதிரி. இதைப் பற்றி விமர்சகரும் எழுதவில்லை, கண்டனம் எழுதியவரும் எழுதவில்லை.

தடைசெய்ய வேண்டும் என்ற கோரிக்கையைச் சுருக்கமாகவே தொடுகிறேன். தணிக்கைக் குழு சான்றளித்த ஒரு படத்தை, எதிர்ப்புக் கிளம்பும் என்ற அச்சத்தைக் காரணம் காட்டி முடக்கக் கூடாது என்று 1989-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கே 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் படத்தைப் பற்றியதுதான். அதற்குமேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வாசகர் கோபப்பட வேண்டிய இடம் வேறொன்று இருந்தது. படம் தொடங்கும்போது திரையில் காட்டும் சான்றிதழில் 'யு/ஏ 13+' என்று பெரிதாகவே போட்டிருந்தது. 2023-இல் திரைப்படச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு யு/ஏ என்பது 7, 13, 16 என்று மூன்று வயதுப் படிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அந்த வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையை அழைத்துப் போகலாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் பெற்றவர்தான், அரங்க வாசலில் நிற்பவர் அல்லர். நான் தர்மபுரியில் பார்த்த காட்சியில், எனக்கு முன்வரிசையில் ஒரு குடும்பம் ஐந்து வயதுச் சிறுமியோடு வந்திருந்தது. குழந்தை நடித்த படம் என்றால் குழந்தைகளுக்கான படம் என்று நினைத்துவிடுகிறார்கள். ஃப்ரீசர் பெட்டி வந்து இறங்கியதும் அந்தச் சிறுமி, "அந்த மாமா செத்துட்டாராப்பா?" என்று கேட்டாள். தகப்பன் சிரித்துக்கொண்டே இல்லை என்றார். "அப்ப ஏன் பெட்டி வந்துச்சு?" என்றாள். இடைவேளை விடும்வரை அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம் முறுக்கு வாங்கிக் கொடுத்து வாயை அடைத்தார்கள். அந்தச் சிறுமிக்கு அன்றிரவு தூக்கம் எப்படி வந்திருக்கும் என்று யோசித்தேன். அதற்கு இயக்குநரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் பையனாக நடித்த சிறுவனைப் பற்றியும் யாரோ ஒருவர் கேட்டிருக்க வேண்டும். ஏறக்குறைய ஒவ்வொரு காட்சியிலும் அவன் இருக்கிறான். பாதி இரவுக் காட்சிகள். குழந்தையை நடிக்க வைக்க மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும், நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேலும், இடையில் ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது, தொடர்ந்து 27 நாளுக்கு மேல் படப்பிடிப்பில் வைத்திருக்கக் கூடாது, வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காட்டைக் குழந்தையின் பெயரில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும் என்று 2017-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் விதிகள் சொல்கின்றன. திரையில் வரும் குறும்புக்குக் கண்டனம் எழுதுவதைவிட, இந்த விதிகள் நடைமுறையில் எப்படி இருக்கின்றன என்று தங்கள் சினிமாப் பகுதியில் ஒரு கட்டுரை வெளியிட்டால் பயனுண்டு.

என்னுடைய சொந்த ஆட்சேபம் படத்தின் கடைசி இருபது நிமிடங்களைப் பற்றியது. பெருவிரல் ஒருமுறை மடங்கி நிமிர்ந்ததிலும், "விடிஞ்சிருச்சா மாமா" என்ற கேள்வியிலும் சொல்லி முடித்துவிட்ட விஷயத்தை, மருத்துவமனை வராந்தாவில் பையன் தேம்பித் தேம்பி, "அன்னைக்கு நான் தூங்கல மாமா, எல்லாம் கேட்டேன்" என்று வசனமாகச் சொல்கிறான். உடனே மாமன் கட்டிப்பிடிக்கிறார். முறிந்த சம்பந்தம் கூடுகிறது. பெங்களூரிலிருந்து தங்கை ஓடிவந்து, இனி வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று பையனைத் தூக்கிக்கொள்கிறாள். என் தங்கையால் ஆறு வருடம் அப்படிச் சொல்ல முடியவில்லை. அன்பு குறைந்து அல்ல, வட்டி கட்ட வேண்டியிருந்தது. இதுவரை ஒருவரையும் நல்லவராக்க முயலாமல் நேர்மையாக வந்த படம், கடைசியில் எல்லோரையும் ஒரே நாளில் நல்லவர்களாக்கிப் பத்திரத்தை முடித்துவிடுகிறது. கிருஷ்ணகிரி வாசகரின் கடிதத்தில் பாராட்டுப் பெற்ற ஒரே பகுதி இதுதான் என்பதைக் கவனித்தேன்.

படத்தை நான் தனியாகப் பார்க்கவில்லை. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அதே மருமகன், விடுமுறைக்கு வந்தவன், அவனாகவே இரண்டு நுழைவுச்சீட்டு எடுத்து என்னை அழைத்துப் போனான். சுவரொட்டிக் காட்சிக்கு உரக்கச் சிரித்தான். பெட்டிக் காட்சிக்குச் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் ஓர் இடம் வருகிறது: மழையில் நனைந்து பாதி உரிந்து தொங்கும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியின்மேல் ஒருவர் பசை தடவிப் புதிதாகக் காதுகுத்து விழாச் சுவரொட்டி ஒட்டுகிறார், மாமன் முகத்தில் ஒரு கண் மட்டும் வெளியே தெரிகிறது, தெருவில் மாமனும் பையனும் ஆளுக்கொரு ஓரமாக, பேசாமல் நடந்து போகிறார்கள். படம் முடிந்துவிட்டது என்று நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டோம். இருட்டில் காலால் செருப்பைத் துழாவிக்கொண்டிருந்தபோது மருத்துவமனைப் பாட்டு தொடங்கியது. பின்வரிசைக்காரர் உட்காரச் சொல்லிச் சத்தம் போட்டார். உட்கார்ந்துவிட்டோம்.

'சித்தப்பா' என்பதைத் 'தாய்மாமன்' என்று திருத்தி ஒரு வரி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
பத்திர எழுத்தர்,
பாலக்கோடு, தர்மபுரி மாவட்டம்.